கேள்வி – பதில்: மூன்று கார்டும் ஒரு மீட்பும்

அமெரிக்கக் கிராமத்து இசையான கன்ட்ரியில் பாடும் கிறிஸ்தவ பக்திப் பாட்டுதான் கன்ட்ரி காஸ்பல். அந்தப் பாட்டில் பாவமும் கிருபையும் எப்படி எழுதப்படுகின்றன என்று கேட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டோம். தாங்களே பாட்டெழுதிப் பார்த்துவிட்டு, எங்கே இடறுகிறது என்று கேட்டவர்களுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கன்ட்ரி காஸ்பல், சதர்ன் காஸ்பல், கறுப்பின மக்களின் காஸ்பல் – மூன்றும் ஒன்றுதானா?
– வாசகர், வேலூர்

மூன்றும் பாடுவது ஒரே வேதத்தைத்தான். வளர்ந்த இடமும் பாடும் முறையும் வேறு.

சதர்ன் காஸ்பல் நால்வர் குழுவின் பாட்டு. டென்னஸி மாநிலத்து லாரன்ஸ்பர்க்கில் ஜேம்ஸ் டி. வான் தம்முடைய பாட்டுப் புத்தகங்களை விற்பதற்காக 1910இல் ஒரு நால்வர் குழுவை ஊர் ஊராக அனுப்பினார். அந்தப் புத்தகங்களில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வடிவம் உண்டு: முக்கோணம், சதுரம், வட்டம் என்று ஏழு. முறையாக இசை படிக்காத விவசாயக் குடும்பங்கள்கூட வடிவத்தைப் பார்த்து நான்கு குரலில் பாடின. கறுப்பின மக்களின் காஸ்பல் நகரத்துத் திருச்சபைகளில், முக்கியமாக சிகாகோவில், புளூஸ் என்ற துயர இசையை வாசித்த கைகளால் உருவானது. அங்கே தாமஸ் டார்சியின் பெயரைச் சொல்லாமல் பேச முடியாது. 1932இல் மனைவியையும் பிறந்த குழந்தையையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்த துயரத்தில் 'பிரெஷியஸ் லார்ட்' எழுதியவர் அவர்.

கன்ட்ரி காஸ்பல் ஒற்றைக் குரலும் கிட்டாரும் சேர்ந்த சாட்சி. 1927 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிரிஸ்டல் நகரில் ரால்ஃப் பியர் நடத்திய ஒலிப்பதிவில் கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக் குழு முதன்முதலாகப் பதிவானது. வீட்டுத் திண்ணையில் பாடும் பக்திப் பாட்டு இசைத்தட்டில் ஏறிய வழிகளில் அது பெரிய வழி. இந்த மூன்றுக்கும் நடுவே வேலி கிடையாது. டார்சி எழுதிய 'பீஸ் இன் த வேலி'யை 1951இல் ரெட் ஃபோலி பாட, அது கன்ட்ரி ரசிகர்களின் சொத்தாகிவிட்டது.

மீட்புப் பாட்டுக்கு என்று ஓர் அமைப்பு உண்டா? எத்தனை சரணம் வேண்டும்?
– வாசகி, பாளையங்கோட்டை

எழுதப்பட்டவற்றைப் பார்த்தால் மூன்று சட்டங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது சாட்சி. விழுந்தவரே பாடுகிறார். கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் 1947இல் பதிவு செய்த 'ஐ சா த லைட்' ('வெளிச்சத்தைக் கண்டேன்') இதற்கு நல்ல பாடம். அதில் மூன்று சரணம், ஒரே பல்லவி. முதல் சரணத்தில் இருட்டு, கடைசிச் சரணத்தில் வெளிச்சம் என்று அவர் பிரிக்கவில்லை. ஒவ்வொரு நான்கடிச் சரணத்துக்குள்ளேயே வழி தவறியதைச் சொல்கிறார், மூன்றாம் அடியில் திரும்புகிறார், நான்காம் அடியில் தலைப்பில் வந்து நிற்கிறார். அதனால் கேட்பவர் மூன்று முறை மனந்திரும்புகிறார். பல்லவி வரும்போது கூட்டம் தானாகச் சேர்ந்து பாடுவது இதனால்தான்.

இரண்டாவது கதை. கிம் வில்லியம்ஸ், டக் ஜான்சன் இருவரும் எழுதி, ராண்டி டிராவிஸ் 2002இல் பாடிய 'த்ரீ வுடன் கிராஸஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பஸ்ஸில் நான்கு பேர்: விவசாயி, ஆசிரியை, உடலை விற்றுப் பிழைக்கும் பெண், போதகர். விபத்து. சாலையோரம் மூன்று மரச்சிலுவைகள்தான். நான்காவது ஏன் இல்லை என்ற கேள்வி பாட்டை இழுத்துக்கொண்டு போகிறது. இறக்கும் போதகர் இரத்தம் படிந்த தம் வேதாகமத்தை அந்தப் பெண்ணின் கையில் வைக்கிறார். கடைசியில், அதே வேதாகமத்தைப் பிடித்தபடி பிரசங்க மேடையில் நின்று இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவர் அவளுடைய மகன் என்று தெரிகிறது. கவனியுங்கள், அவள் மனந்திரும்பியதாகப் பாட்டில் ஓர் அடிகூட இல்லை. பாட்டு புத்தகத்தைக் காட்டுகிறது, பிள்ளையைக் காட்டுகிறது. மற்றதைக் கேட்பவரே நிரப்பிக்கொள்கிறார்.

மூன்றாவது ஜெபம். இதில் கதை வேண்டாம். கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன் நாஷ்வில்லில் ஒரு திருச்சபை ஆராதனைக்குப் போய் வந்து எழுதிய 'வொய் மீ' 1973இல் கன்ட்ரி வரிசையில் முதலிடம் பிடித்தது. 'எனக்கு ஏன் இப்படி?' என்று மனிதன் கேட்பது வழக்கமாகத் துன்பத்தில். அவர் அதே கேள்வியை நன்மைகளைப் பார்த்துக் கேட்டார். தகுதியில்லாதவனுக்கு வந்த நன்மை என்ற கிருபையின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டது. எங்களைக் கேட்டால், எழுதக் கடினமானது இந்த மூன்றாவது வகைதான்.

அளவுக்கு ஒரு கணக்கு: முக்கால் தாளத்தில் ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, மூன்று தட்டு. ஒரு சரணம் 16 பார், அதாவது 48 தட்டு. நிமிடத்துக்கு 96 தட்டு வேகத்தில் அது சரியாக 30 விநாடி. மூன்று சரணம், மூன்று பல்லவி என்றால் மூன்று நிமிடம். நான்காவது சரணம் எழுத ஆசை வந்தால், முதல் மூன்றில் எது வேலை செய்யவில்லை என்று பாருங்கள்.

குடியில் தொடங்கி ஆலயத்தில் முடிகிற பாட்டு எழுதினேன். எல்லாம் உண்மை. ஆனால் சபையில் பாடியபோது யாரும் அசையவில்லை. என்ன பிழை?
– வாசகர், தூத்துக்குடி

பாட்டை இணைத்து அனுப்பியதற்கு நன்றி. மூன்று இடங்களில் சறுக்கியிருக்கிறது.

முதலாவது, சொற்கள். 'பாவச் சேறு', 'உலக மாயை', 'இருளின் பாதை' – இவை ஆயிரம் பாட்டில் கேட்ட சொற்கள். காதில் விழும், மனதில் படம் எழும்பாது. இதற்கு ஒரு நேரடிச் சான்று இருக்கிறது. 1907இல் ஏடா ஹாபர்ஷன் எழுதி, சார்லஸ் கேப்ரியல் மெட்டமைத்த கீதம் ஒன்று, பரலோகத்தில் குடும்பம் பிரியாமல் சேருமா என்று பொதுவாகக் கேட்டது. ஏ. பி. கார்ட்டர் அதன் பல்லவியை எடுத்துக்கொண்டு சரணங்களை மாற்றினார். 1935இல் கார்ட்டர் குடும்பம் பாடியபோது அதில் ஜன்னலோரம் நிற்கும் மகன் இருந்தான், மேகம் கவிந்த குளிர்நாள் இருந்தது, அம்மாவை எடுத்துப்போக வண்டி வந்தது. வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி அடக்கப் பணியாளரிடம் கெஞ்சுகிறான் மகன். இன்றுவரை உலகம் பாடிக்கொண்டிருப்பது இந்தச் சரணங்களைத்தான். 'மெதுவாக ஓட்டுங்கள்' என்ற வேண்டுதலில் இருக்கும் துக்கம் 'ஆறாத சோகம்' என்று எழுதினால் வராது. உங்கள் ஒவ்வொரு சரணத்திலும் கையால் தொடக்கூடிய பொருள் இரண்டாவது இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். முதல் சரணத்தில் ஒன்றுகூட இல்லை. கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கும் அடகுச் சீட்டு பாட்டில் ஏன் வரவில்லை? அதுதான் பாட்டு.

இரண்டாவது, திருப்பம். உங்கள் பாட்டில் இரண்டாம் சரண முடிவில் 'அன்று அவர் என்னைத் தொட்டார்' என்று வருகிறது. எங்கே, எந்த நேரத்தில், கையில் என்ன இருந்தது? கேரி அண்டர்வுட் 2005இல் பாடிய 'ஜீஸஸ், டேக் த வீல்' ('இயேசுவே, ஸ்டியரிங்கை நீர் பிடியும்') எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, பின் இருக்கையில் குழந்தை, சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம், கார் சறுக்குகிறது. தாய் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கிறாள். விசுவாசம் என்பதை விளக்க அங்கே ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. 'ஐ சா த லைட்' பாட்டின் வெளிச்சமும் வானத்திலிருந்து வந்ததல்ல. இரவில் மான்ட்கோமரிக்குத் திரும்பும் காரில், விமான நிலைய விளக்கைப் பார்த்து ஹேங்கின் தாய் சொன்ன சொல்லிலிருந்து பிறந்தது என்றுதான் அந்தப் பாட்டின் வரலாறு சொல்லப்படுகிறது.

மூன்றாவது, கடைசிச் சரணம். அங்கே 'நான்' என்ற எழுவாய் ஏழு இடத்தில் வருகிறது: நான் விட்டேன், நான் ஜெயித்தேன், நான் எழுந்தேன். மீட்பு நீங்கள் சம்பாதித்த சம்பளம் போலாகிவிட்டது. வினைச்சொற்களுக்கு அடியில் கோடு போடுங்கள். பாதிக்கு மேல் 'நான்' செய்ததாக இருந்தால் திருப்பி எழுதுங்கள். எழுவாய் அவராக மாறியதும் அதே செய்தி வேறு பாட்டாகிவிடும்.

நான் ஆலயக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். குடியோ சிறையோ பார்த்ததில்லை. எனக்கு இந்த வகைப் பாட்டெழுத உரிமை உண்டா?
– வாசகி, யாழ்ப்பாணம்

உண்டு. ஆல்பர்ட் பிரம்லி 1929இல் பருத்தி பறித்துக்கொண்டிருக்கையில் 'ஐல் ஃப்ளை அவே' ('பறந்துபோவேன்') எழுதத் தொடங்கினார். பொறி தட்டியது சிறைக்கைதி பாடும் ஒரு லௌகிகப் பாட்டிலிருந்து: சிறகிருந்தால் இந்தச் சுவரைத் தாண்டிப் பறப்பேன் என்ற ஏக்கம். அந்தச் சுவரை உலகமாக மாற்றி, விடுதலையைப் பரலோகமாக்கினார். 1932இல் புத்தகத்தில் வந்தது. அவர் பார்த்தது பருத்திக் காடு. சிறை அவருக்கு உவமை.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1968 ஜனவரி 13 அன்று ஃபோல்சம் சிறையில் ஜானி கேஷ் பாடிய 'கிரேஸ்டோன் சாப்பல்' அங்கேயே கைதியாக இருந்த கிளென் ஷெர்லி எழுதியது. முந்தைய நாள்தான் அதன் ஒலிநாடா கேஷின் கைக்கு வந்தது. எழுதியவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, அதைப் பாடினார். சிறைக்குள்ளே இருக்கும் கல் ஆலயத்தைப் பற்றிய பாட்டு அது. உள்ளே இருந்தவரால்தான் அந்தக் கல்லை அப்படிச் சொல்ல முடியும்.

ஆகவே உங்களுக்கு ஒரு கட்டுப்பாடு: விழாத விழுகையை 'நான்' என்று பாடாதீர்கள். படர்க்கையில் கதை சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஜெபமாக எழுதுங்கள். ஆலயக் குடும்பத்தில் வளர்ந்தவருக்கே தெரிந்த பாவங்களும் இருக்கின்றன. மூத்த மகனின் பாவம், அதாவது திரும்பி வந்த தம்பிக்கு விருந்து வைப்பதைப் பொறுக்காத மனம், இந்த வகையில் அதிகம் எழுதப்படாதது.

ஹேங்க் வில்லியம்ஸ் குடியாலும் போதை மருந்தாலும் அழிந்தவர். அவர் வெளிச்சத்தைக் கண்டதாகப் பாடியது போலித்தனம் இல்லையா?
– வாசகர், நாகர்கோவில்

இல்லை என்றே நம்புகிறோம். 1952இல் காரில் போகும்போது உடனிருந்த நகைச்சுவைக் கலைஞர் மின்னி பேர்ல் அவரை உற்சாகப்படுத்த 'ஐ சா த லைட்' பாட்டை எடுத்தார். சேர்ந்து பாடிய ஹேங்க் பாதியில் நிறுத்தி, தமக்கு வெளிச்சம் எதுவும் தெரியவில்லை என்று சொன்னதாக மின்னி பேர்ல் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1953 ஜனவரி 1 அன்று, 29 வயதில், ஒரு காரின் பின் இருக்கையில் ஹேங்க் இறந்து கிடந்தார். அடக்க ஆராதனையில் ராய் ஏகஃப் பாடியது அதே பாட்டு.

சாட்சிப் பாட்டு என்பது நல்லொழுக்கச் சான்றிதழ் அல்ல. சங்கீதங்களிலும் ஆழத்திலிருந்து கூப்பிடுகிற குரல் இருக்கிறது, அது கரையேறிய பிறகு எழுதப்பட்டதல்ல. அந்த வெளிச்சம் தமக்கும் வேண்டும் என்று ஒருவர் ஏங்கிப் பாடிய பாட்டு, அதே ஏக்கத்தோடு இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்கிறது. எழுதுகிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: வெற்றி பெற்ற பிறகுதான் எழுதுவேன் என்று காத்திருக்க வேண்டாம். போராட்டம் முடியாவிட்டால் முடியவில்லை என்றே பாடுங்கள்.

கிட்டார் ஓரளவு வாசிப்பேன். எந்தக் கார்டுகள், எந்தத் தாளம்? நாஷ்வில் எண் முறை என்கிறார்களே, அது என்ன?
– வாசகர், கோயம்புத்தூர்

மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரணம்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு. ச, ம, ப மூன்றின் மேலும் எழும் கார்டுகளே 1, 4, 5. ஜி சுருதியில் அவை ஜி, சி, டி. ஜோர்டனேர்ஸ் என்ற பாட்டுக் குழுவின் நீல் மேத்யூஸ் 1950களில் கார்டின் பெயருக்குப் பதில் எண்ணை எழுதி ஒரு முறை வகுத்தார். சார்லி மெக்காய் அதை நாஷ்வில் இசைக்கலைஞர்களிடையே பரப்பினார். பாடகர் சுருதியை மாற்றினாலும் தாளை மாற்ற வேண்டியதில்லை.

முக்கால் தாளத்துக்கான 16 பார், ஓர் எண்ணுக்கு ஒரு பார்:

1 1 4 1
1 1 5 5
1 1 4 1
1 5 1 1

'அமேஸிங் கிரேஸ்' இந்தச் சட்டத்தில் முழுதாக உட்காரும். வாசித்துப் பாருங்கள். இரண்டாம் பாரின் கடைசித் தட்டில் ஜியை ஜி7 ஆக மாற்றினால் 4க்குப் போகும் வழி இதமாகும். 1835இல் வில்லியம் வாக்கர் தம் புத்தகத்தில் அந்தச் சொற்களோடு இணைத்த மெட்டு ச ரி க ப த என்ற ஐந்து சுரத்தில் மட்டுமே நடக்கிறது, அதாவது மோகனத்தின் சுரங்கள். ம, நி இரண்டும் கார்டுகளில்தான் ஒலிக்கின்றன.

வலது கைக்கு: கட்டைவிரல் முதல் தட்டில் பேஸ் கம்பியைத் தட்டட்டும். இரண்டும் மூன்றும் தட்டுகளில் மேல் கம்பிகளை விரலால் வருடுங்கள். பழகிய பிறகு கட்டைவிரலாலேயே பேஸ் கம்பிகளில் மெட்டை எடுத்து, விரல்களால் தாளம் காட்டலாம். கார்ட்டர் குடும்பத்து மேபெல் வாசித்த முறை அது. ஜியில் பாட முடியாத பெண் குரல் என்றால் ஐந்தாம் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு அதே ஜி வடிவத்தைப் பிடியுங்கள், ஒலிப்பது சி.

அடிக்கடி நடக்கும் தவறு, புதிய கார்டுகளைத் திணிப்பது. பாவத்தை ஒப்புக்கொள்ளும் அடியில் காது கார்டின் பின்னால் போனால் சொல் தவறிவிடும்.

இரண்டாம் குரல் பாடும் என் தங்கை சில இடங்களில் அபசுரமாக ஒலிக்கிறாள். அவள் 'எப்போதும் இரண்டு சுரம் மேலே' என்றுதான் பாடுகிறாள். பிறகு ஏன்?
– வாசகி, மதுரை

அந்த 'எப்போதும்' தான் காரணம். மேல்குரல் நிற்கும் இடத்தில் அப்போது ஒலிக்கும் கார்டின் சுரத்தில் நிற்க வேண்டும். 1 கார்டில் இருப்பவை ச, க, ப. நீங்கள் ச பாடினால் தங்கைக்கு க, நீங்கள் க பாடினால் ப. நீங்கள் ப பாடினால் இரண்டு சுரம் மேலே நி வரும், அது இந்தக் கார்டில் இல்லை, எனவே அவள் மேல் ச பிடிக்க வேண்டும். 4 கார்டில் இருப்பவை ம, த, ச. இங்கே நீங்கள் ச பாடும்போது அவள் பழக்கத்தில் க பிடிக்கிறாள், கிட்டாரில் ம ஒலிக்கிறது. இரண்டுக்கும் இடையே அரை சுரம்தான். உரசல் அங்கேதான் வருகிறது. அவள் ம பாடட்டும். 5 கார்டில் ப, நி, ரி. நீங்கள் ரி என்றால் அவள் ப.

மூன்றாம் குரல் கிடைத்தால், இருவரும் விட்ட சுரத்தை உங்கள் குரலுக்குக் கீழே பிடிக்கட்டும். லூவின் சகோதரர்களின் பழைய பதிவுகளை மெதுவாக ஓடவிட்டுக் கேளுங்கள். அலபாமாவின் சாண்ட் மவுன்டன் பகுதியில், வடிவச் சுரப் புத்தகத்தைப் பார்த்துப் பாடும் குடும்பத்தில் வளர்ந்தவர்கள். ஐரா மேல்குரல், சார்லி மெட்டு. சில இடங்களில் அடியின் நடுவிலேயே இருவரும் குரலை மாற்றிக்கொள்வார்கள், தையல் தெரியாது.

'அமேஸிங் கிரேஸ்' மெட்டுக்குப் புதிதாகத் தமிழில் எழுதினேன். அசை எண்ணிக்கை சரி, ஆனால் பாடினால் தமிழ் போலவே இல்லை.
– வாசகர், திருச்சி

பாமாலைப் புத்தகத்தில் 8, 6, 8, 6 என்று அடிக்கு எத்தனை அசை எனப் போட்டிருக்குமே, அந்த அளவுதான் இது. ஒற்றெழுத்தைத் தனியாக எண்ணாமல் நீங்கள் சரியாகவே எண்ணியிருக்கிறீர்கள். இடர் வேறு இடத்தில். இந்த மெட்டில் ஒவ்வொரு அடியின் முதல் அசை தாளத்துக்கு முன்னால் விழுகிறது. கனம் 2, 4, 6, 8ஆம் அசைகளில். கன அசைக்கு இரண்டு தட்டு நீளம், மற்றதற்கு ஒன்று. தமிழ்ச் சொல்லோ தன் முதலசையில் கனத்தை வைத்திருக்கிறது.

உங்கள் முதல் அடி 'கிருபை தாரும் என் தேவா'. பாடும்போது 'ரு' நீண்டு 'கிரூபை' ஆகிறது, 'தே' சுருங்கித் 'தெவா' ஆகிறது. தீர்வு எளிது: அடியை ஓரசைச் சொல்லால் தொடங்குங்கள் – என், உன், நான், ஓர். பிறகு நெடிலோ ஒற்றோடு கூடிய அசையோ கன இடத்தில் வரும்படி அடுக்குங்கள். மாதிரிக்கு ஒரு சரணம்:

என் பையில் வைத்த காசெல்லாம்
ஓர் ராவில் தீர்ந்ததே
என் வாசல் வந்து நின்றதார்?
நான் கேட்ட தில்லையே

கனம் விழுவது பை, வைத், கா, லாம். ரா, தீர்ந், தே. வா, வந், நின், தார். கேட், தில், யே. குறில் ஒன்றுகூட நீட்டப்படவில்லை. பொருளிலும் ஒன்றைக் கவனியுங்கள். வந்தவர் யார் என்று சொல்லவில்லை, அழைக்காமல் வந்தார் என்பது மட்டும் இருக்கிறது. பெயரை அடுத்த சரணம் வரை நிறுத்தி வைத்தால் அங்கே அது விளக்கைப் போல் எரியும்.

மதுக்கடைப் பாட்டின் மெட்டில் பக்திச் சொற்களைப் போடலாமா?
– வாசகர், கிள்ளான், மலேசியா

ராய் ஏகஃப் 1936இல் பாடிப் புகழடைந்த 'கிரேட் ஸ்பெக்கிள்ட் பேர்ட்' எரேமியா 12:9இல் வரும் பலவருணப் பறவையைத் திருச்சபைக்கு உவமையாக்கிய பாட்டு. அதன் மெட்டு, கார்ட்டர் குடும்பம் பதிவு செய்த ஒரு காதல் பாட்டின் மெட்டு. 1952இல் ஹேங்க் தாம்ப்சன் அதே மெட்டில், தன்னை விட்டுப் போன பெண்ணை மதுக்கூடத்தில் வைத்துப் பழித்துப் பாடினார். அதே ஆண்டில் கிட்டி வெல்ஸ் அதே மெட்டிலேயே, அப்படிப்பட்ட பெண்களை உருவாக்கியது கடவுள் அல்ல, ஆண்களும் பொறுப்பு என்று பதில் பாட்டுப் பாடி முதலிடம் பிடித்தார். ஒரே மெட்டு காதலுக்கும் சபைக்கும் மதுக்கூடத்துக்கும் போய் வந்திருக்கிறது. தமிழ்க் கீர்த்தனை எழுதியவர்களும் தெரிந்த வர்ணமெட்டில் சொல் அமைத்தவர்களே. ஒன்று மட்டும் பாருங்கள்: உங்கள் சபையார் அந்த மெட்டைக் கேட்டதும் பழைய சொற்கள் நாவில் வருமானால் அதை விட்டுவிடுங்கள்.

'ஐல் ஃப்ளை அவே'யைத் தமிழாக்கி யூடியூபில் போடலாமா? இன்னொரு கேள்வி: என் பாட்டை மொத்தமாக விலைக்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?
– வாசகர், சென்னை

1932இல் வெளிவந்த பாட்டு. அமெரிக்காவில் வெளிவந்த ஆண்டிலிருந்து 95 ஆண்டு, அதாவது 2027 முடியும்வரை உரிமை இருக்கிறது. மொழிபெயர்ப்பு உரிமையும் அதில் அடக்கம். வெளியிடும் நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 'அமேஸிங் கிரேஸ்' பாட்டுக்கு இந்தக் கவலை இல்லை. ஜான் நியூட்டனின் சொற்கள் 1779இல் அச்சானவை, மெட்டும் பழையது. ஆனால் 2006இல் கிறிஸ் டாம்லின் வெளியிட்ட வடிவத்தில் சேர்ந்திருக்கும், சங்கிலிகள் அறுந்தன என்று பாடும் பல்லவி புதியது, அதற்கு உரிமையாளர்கள் உண்டு. பலர் அதைப் பழைய பாட்டின் பகுதி என்று நினைத்து மாட்டிக்கொள்கிறார்கள்.

விலைக்குக் கொடுப்பது பற்றி: வில்லி நெல்சன் வறுமையில் இருந்தபோது 'ஃபேமிலி பைபிள்' பாட்டை 50 டாலருக்கு விற்றுவிட்டார். 1960இல் கிளாட் கிரே பாடி அது வெற்றி பெற்றபோது எழுதியவர் வரிசையில் அவர் பெயரே இல்லை. இந்தியாவில் 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்குத் துணை நிற்கிறது. உரிமையை எழுதிக் கொடுத்தாலும், பின்னால் வரும் ராயல்டியில் சமபங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதும் ஒப்பந்தம் செல்லாது. கையெழுத்திடும் முன் உங்கள் பெயர், பாட்டின் முதல் அடி, தேதி மூன்றும் தாளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாட்டை, ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் பதிந்துகொள்ளுங்கள்.

பாட்டை எப்படி முடிப்பது? கடைசிப் பல்லவியில் சுருதியைத் தூக்கினால் எடுப்பாக இருக்குமா?
– வாசகி, பெங்களூர்

சாட்சிப் பாட்டானால் ஒரு முறை தூக்கலாம். ஜியிலிருந்து ஏவுக்குப் போக நடுவில் ஒரு பார் ஈ7 வாசியுங்கள், பாடுவோர் காது தானாக ஏறிவிடும். இரண்டாம் முறை தூக்கினால் மேடை வித்தையாகிவிடும். ஜெபப் பாட்டில் தூக்கவே வேண்டாம், மண்டியிட்டிருப்பவரை எழுப்பி நிறுத்தியது போலிருக்கும். பாவத்தைச் சொல்லும் சரணத்தை ஒட்டியும் தூக்காதீர்கள். அந்தச் சரணம் முடிந்ததும் இரண்டு பார் கிட்டார் மட்டும் ஒலிக்கட்டும்.

முடிவுக்கு, பல்லவியின் கடைசி அடியை இன்னொரு முறை பாடுங்கள். அந்த நான்கு பாரில் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். 5 கார்டில் கிட்டாரை நிறுத்தி, கடைசிச் சொல்லைக் குரல் மட்டும் எடுக்கட்டும். அதன்பின் 1 கார்டை ஒரே வருடலாக வாசித்து, ஒலி தானே அடங்கும் வரை கம்பியில் கை வைக்காதீர்கள்.